சமாதானத்துக்கு ஜாமீன் நின்றவர்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

இடைக்கால ஐரோப்பாவில் அரசர்கள் போட்ட சமாதான ஒப்பந்தங்கள் எல்லாம் கண்துடைப்புதானே? நீதிமன்றம் கிடையாது, ஐ.நா. கிடையாது. மீறினால் யார் கேட்பது? பணயக்கைதிகளைக் கொடுத்தார்கள் என்கிறீர்கள். அடுத்தவன் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவதற்குப் பெயர் ராஜதந்திரமா?

பிப்ரவரி 3, இரவு 10.40

கண்துடைப்பு இல்லை. நீதிமன்றம் இல்லாத இடத்தில் ஆட்களை நிறுத்தினார்கள். தாளில் எழுதியிருப்பது பெரிதல்ல, அந்தத் தாளுக்குப் பின்னால் யார் யார் தன் பெயரையும் நிலத்தையும் உடம்பையும் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அன்று பெரிது. ஒரே ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்கிறேன். 1360-ல் இங்கிலாந்தும் பிரான்சும் போட்ட பிரெத்திஞி ஒப்பந்தம்.

1356 செப்டம்பர் 19 அன்று புவாத்தியே போர்க்களத்தில் பிரான்சு அரசர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயர் கையில் சிக்கினார். ஒரு நாட்டின் அரசரே எதிரியிடம் கைதி. நான்கு வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. 1359-ல் லண்டனில் எழுதிய ஒரு ஒப்பந்தத்தை பிரான்சின் சபை ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டது. கடைசியில் 1360 மே 8 அன்று, ஷார்த்ர் நகருக்குப் பக்கத்தில் பிரெத்திஞி என்ற சிற்றூரில் முடிந்தது. அக்டோபர் 24 அன்று கலே துறைமுகத்தில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டும் ஜானும் சத்தியம் செய்து உறுதிப்படுத்தினார்கள்.

மீட்புப் பணம் 30 லட்சம் எகூ, பிரான்சின் தங்க நாணயம். அதற்கு ஜாமீனாக அரசரின் மகன்கள், தம்பி, பெரும் பிரபுக்கள் என்று சுமார் நாற்பது பேர் கடல் கடந்து போனார்கள். அரசர் வெளியே வந்தார், அவர்கள் உள்ளே போனார்கள்.

பிப்ரவரி 3, இரவு 11.05

தொகையைச் சும்மா சொல்லிவிட்டுப் போனது சரியில்லை. இரண்டு எகூவுக்கு நோபிள் என்ற ஆங்கிலத் தங்க நாணயம் ஒன்று, மூன்று நோபிளுக்கு ஒரு பவுண்டு என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தால் 5 லட்சம் பவுண்டு. முதலில் 6 லட்சம் எகூ, அப்புறம் வருடத்துக்கு 4 லட்சமாக ஆறு வருடம். அப்பட்டமான தவணை. அந்த முதல் தவணையையே முழுதாகத் திரட்ட முடியவில்லை. 4 லட்சத்தை வாங்கிக்கொண்டு அரசரை விட்டார்கள். அதற்கும் ஜான் தன் மகள் இசபெல்லை மிலான் நகரை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, அந்தச் சம்பந்தத்தில் வந்த பணத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது அவள் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பெண். இவளையும் ஜாமீன் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே வருடம் டிசம்பரில் புதிய நாணயம் அடித்தார்கள். அதன் பெயர் ஃபிராங்க். அந்தச் சொல்லுக்கு 'விடுபட்டவன்' என்று ஒரு பொருள் உண்டு.

பிப்ரவரி 4, காலை

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டிருக்கிறார் ஒருவர். காரணம் வீட்டில் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அப்பா தன் கூட வேலை பார்த்தவருக்குக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டினார் அவர். பிறகு வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். நான் கல்லூரி சேரும்வரை பிடித்தார்கள். அம்மா தன் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்துத்தான் எனக்கு பிளஸ் டூ புத்தகம் வாங்கினார். கடன் வாங்கியவரின் முகம் எனக்கு நினைவில்லை. அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்த விதம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தயக்கமே இல்லை.

பிரெத்திஞி பற்றி முதலில் படித்தபோது எட்வர்டும் ஜானும் என் மனதில் நிற்கவில்லை. அந்த நாற்பது பேர்தான் நின்றார்கள்.

பிப்ரவரி 4, மாலை

"பேசி முடித்தவர்கள் யார்? அரசர்களே உட்கார்ந்து பேசினார்களா?"

இல்லை. ஜான் அப்போது லண்டனில் கைதி. பிரான்சுத் தரப்பில் பட்டத்து இளவரசர் சார்லஸின் ஆட்கள், முக்கியமாக ஜான் தெ தோர்மான் என்ற அமைச்சர். ஆங்கிலேயர் பக்கம் லங்காஸ்டர் கோமகன் ஹென்றி. நடுவில் போப் ஆறாம் இன்னொசென்ட் அவிஞ்ஞோனிலிருந்து அனுப்பிய மூவர்: குளூனி மடத்தின் தலைவர் ஆந்துருவான் தெ லா ரோஷ், டொமினிக்கன் துறவிகளின் தலைவர் சிமோன் தெ லாங்கர், ஜெனீவா குடும்பத்து ஹியூ. இரண்டு துறவி, ஒரு பிரபு. படையோடு நகர்ந்துகொண்டே இருந்த எட்வர்டின் கூடாரத்துக்கும் பாரிசுக்கும் இடையில் சேறு மிதித்து நடந்தவர்கள் இவர்கள்.

எட்வர்டு எளிதில் இறங்கவில்லை. ரீம்ஸ் நகரத்தைப் பிடித்து அங்கேயே பிரான்சு அரசராக முடிசூட வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர். நகரம் கதவைத் திறக்கவில்லை. பாரிசும் வெளியே வந்து சண்டை போடவில்லை. ஏப்ரல் 13, திங்கட்கிழமை, ஷார்த்ர் பக்கத்தில் ஆலங்கட்டி மழை கொட்டி ஆட்களும் குதிரைகளும் செத்து விழுந்தன. அரசர் மாதா கோயிலை நோக்கிக் கைநீட்டி, சமாதானத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டதாக அக்கால வரலாற்றுக் குறிப்பாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். மழை மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. படைக்குச் சோறு இல்லை. அதை லங்காஸ்டர் வாய்விட்டுச் சொன்னார்: கையில் இருப்பதை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், இருபது வருடத்தில் பிடித்ததை ஒரே நாளில் இழந்துவிடலாம் என்ற பொருளில். தன் அரசரிடம் இதைச் சொல்ல ஒரு படைத்தலைவருக்குத் துணிச்சல் வேண்டும்.

அடுத்த வருடம் மார்ச்சில் லங்காஸ்டர் இறந்துபோனார். அவர் பேசி முடித்த சமாதானத்தின் முதல் தவணைக் காலத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6

'பணயக்கைதி' என்ற சொல் இங்கே பொருந்தவில்லை என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு விமானக் கடத்தல்தான் ஞாபகம் வருகிறது. பிடித்துக்கொண்டு போன ஆள். ஆனால் இடைக்காலத்தில் இவர்கள் கொடுக்கப்பட்டவர்கள். ஒப்பந்தத்தில் பெயர் எழுதி, சம்மதம் வாங்கி, இத்தனை நாள் என்று சொல்லி ஒப்படைக்கப்பட்டவர்கள். தங்கள் சத்தியத்தின் பேரில் வெளியே நடமாடலாம். பிரபுக்கள் பருந்தும் நாயும் வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள்.

'பிணை' என்பதே சரியான சொல். பிணை என்றால் கட்டு என்றும் பொருள், ஜாமீன் என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டும் இருக்கிறது. இனிமேல் 'பிணையாள்' என்றே எழுதுகிறேன். கேள்வி கேட்டவர் சொன்ன "அடுத்தவன் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்வது" என்ற வரிக்கும் இதுவே என் பதில்.

பிப்ரவரி 6, இரவு

மூன்றாம் தேதி "அரசரின் மகன்கள்" என்று பொதுவாக எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். பிணையாகப் போனவர்கள் இரண்டு பேர்: ஆன்ஜூ கோமகன் லூயி, பெர்ரி கோமகன் ஜான். மூத்தவர் சார்லஸ் ஆட்சியைப் பார்த்துக்கொள்ள இருக்க வேண்டியிருந்தது. கடைக்குட்டி ஃபிலிப் அப்பாவோடு போர்க்களத்திலேயே பிடிபட்டு, ஏற்கெனவே நான்கு வருடம் லண்டனில் இருந்துவிட்டான். பதினான்கு வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டவன். அவனை மறுபடியும் அனுப்பவில்லை.

லூயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1360 கோடையில்தான் அவருக்குக் கல்யாணம், மனைவி புளுவா குடும்பத்து மரி. சில மாதத்தில் பிணையாகக் கப்பல் ஏறினார். பணம் தவணை தவறியது. பிணையாளர்களின் நாள் நீண்டுகொண்டே போனது. இரண்டு வருடம் பார்த்துவிட்டு, லூயி, பெர்ரி, அரசரின் தம்பி ஓர்லியான் கோமகன், புர்போன் கோமகன் ஆகிய நால்வரும் எட்வர்டோடு தாங்களாகவே தனி ஒப்பந்தம் பேசினார்கள். கலேவுக்கு இடம் மாற்றினார்கள். அங்கிருந்து சில நாள் வெளியே போய்விட்டுத் திரும்பலாம் என்று அனுமதி. கலே ஆங்கிலேயர் கையில் இருந்த ஊர்தான், ஆனால் கால் வைத்திருப்பது பிரான்சு மண்ணில். 1363-ல் லூயி மனைவியைப் பார்க்கப் போனார். திரும்பவில்லை.

அப்பா ஜான் 1364 ஜனவரியில் தானாகவே லண்டனுக்குத் திரும்பிப் போனார். மகன் முறித்த வாக்குக்கு அப்பா போய் நின்றார். ஏப்ரல் 8 அன்று சவாய் மாளிகையில் இறந்தார். வயது 44.

பிப்ரவரி 7, அதிகாலை

தூங்கவில்லை. நேற்று ஜான் திரும்பிப் போனதை எழுதியபோது அழகான கதையாக எழுதிவிட்டேன். மானத்துக்காக மட்டும் போகவில்லை. பணம் பெரிய பாக்கி. ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத எட்வர்டோடு நேரில் பேசியாக வேண்டும். பிணையாளர்களின் தனி ஒப்பந்தம் வேறு தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவும் சேர்ந்துதான் கப்பல் ஏற்றியது.

ஆனாலும் மந்திரிகள் தடுத்தும் போனார். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் உண்மை.

லூயியையும் திட்ட மனம் வரவில்லை. அவர் வாங்காத கடன் அது. இருபத்து நான்கு வயது. மனைவி பக்கத்து ஊரில். என் அப்பாவுக்குச் சம்பளப் பிடித்தம் நடந்துகொண்டிருந்தபோது, அந்த அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட வேண்டும் என்று நானே பலமுறை நினைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9

இன்று வேறு பக்கம். கோமகன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பட்டியலில் கோமகன்கள் அல்லாதவர்களும் இருந்தார்கள். பாரிசிலிருந்து நான்கு பேர். ரீம்ஸ், ரூவான், அமியான், தூர், பூர்ஜ், லியோன், துலூஸ் என்று மற்ற நகரங்களிலிருந்து ஊருக்கு இரண்டு பேர். இவர்கள் வணிகர்கள், ஊர்ப் பெரியவர்கள். வேட்டைப் பருந்து வைத்திருப்பவர்கள் அல்ல. கடை, கணக்கு, குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனில் தங்க வேண்டும். செலவும் சொந்தச் செலவு, இல்லாவிட்டால் ஊர் வரி போட்டு அனுப்ப வேண்டும்.

ஏன் இவர்களைக் கேட்டார் எட்வர்டு? எனக்குப் புரிந்தவரை, மீட்புப் பணம் எங்கிருந்து வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். உப்பு வரியிலும் ஒயின் வரியிலும் வரப்போகிறது. கட்டப்போவது நகரங்கள். எனவே கட்டுகிறவன் ஊர்க்காரனையே பிணையாக வைத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் புவாத்தியேவில் குதிரையை விட்டிறங்கிச் சண்டைக்குப் போவோம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் இந்த வணிகர் எவரும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிரபுக்களுக்கு வேறு வழிகளும் இருந்தன. கூசி நகரத்துப் பிரபு ஆங்கெரான் பிணையாகப் போய், 1365-ல் எட்வர்டின் மகள் இசபெல்லாவையே கல்யாணம் செய்துகொண்டு மாப்பிள்ளையாக வெளியே வந்தார். புளுவா குடும்பத்து கீ தன் சுவாசோன் பிரபுத்துவ நிலத்தையே எழுதிக்கொடுத்து விடுதலை வாங்கினார். அது போய்ச் சேர்ந்ததும் இதே ஆங்கெரானிடம். அமியான் வணிகர் எதை எழுதிக்கொடுப்பார்?

பிப்ரவரி 11

"ஆளை அனுப்பாமல் பொறுப்பேற்றுக்கொள்ளும் வழக்கம் இல்லையா?" நல்ல கேள்வி. உண்டு. அது இன்னும் சுவையானது.

1200 மே மாதம் இங்கிலாந்து அரசர் ஜானும் (இவர் வேறு ஜான், மாக்னா கார்ட்டா ஜான்) பிரான்சின் இரண்டாம் ஃபிலிப்பும் லெ கூலே என்ற இடத்தில் சமாதானம் செய்தார்கள். இரு பக்கமும் பெயர் சொல்லிப் பிரபுக்கள் பொறுப்பேற்றார்கள். ஜான் பக்கம் வில்லியம் மார்ஷல் போன்ற பெரிய தலைகள். அவர்கள் செய்த சத்தியம் என்ன தெரியுமா? எங்கள் அரசர் வாக்குத் தவறினால், நாங்கள் எங்கள் நிலத்தோடு எதிர் அரசர் பக்கம் போய்விடுவோம் என்பது. எதிர்ப்பக்கப் பிரபுக்களும் அப்படியே. அரசரைக் கட்ட வேறு கயிறு இல்லாததால் அவருடைய ஆட்களையே கயிறாக்கினார்கள்.

இதற்கு முன்மாதிரி இன்னும் பழையது. 842 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பர்க். பேரரசர் சார்லமேனின் பேரன்கள் இருவர், லூயியும் சார்லஸும், அண்ணன் லோத்தருக்கு எதிராகச் சேர்ந்துகொண்டு சத்தியம் செய்தார்கள். ஒருவர் மற்றவருடைய படைக்குப் புரியும் மொழியில் பேசினார்: ஜெர்மன் பேசும் லூயி ரோமானிய மக்கள் மொழியில், சார்லஸ் ஜெர்மன் மொழியில். பிரெஞ்சு மொழியின் முதல் எழுத்துச் சான்று என்று மொழிக்காரர்கள் கொண்டாடுவது இதைத்தான். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. இரண்டு படைகளும் தங்கள் தங்கள் மொழியில் சத்தியம் செய்தன: எங்கள் தலைவர் இந்த வாக்கை முறித்தால், அவரை நாங்கள் தடுக்க முடியாமல் போனால், உங்களுக்கு எதிராக அவருக்குத் துணை வரமாட்டோம். சாதாரணப் படைவீரன் சமாதானத்துக்கு ஜாமீன்.

எங்கள் ஊரில் பெரியப்பா ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வீட்டாரிடமும் முச்சலிக்கா எழுதி வாங்கியபோது, சாட்சிக் கையெழுத்தை இரு பக்கத்து மாமன் மச்சான்களிடம் வாங்கினார். ஏன் என்று அப்போது புரியவில்லை. நாளைக்கு இவன் மறுபடி வரப்பை வெட்டினால் இவன் மச்சானே இவன் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டான், அதற்காகத்தான்.

பிப்ரவரி 12

நேற்றைய குறிப்போடு சேர்த்து ஒன்று. 1192 செப்டம்பர் 2, யாஃபா. சிலுவைப் போரில் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டும் சுல்தான் சலாவுதீனும் செய்த போர்நிறுத்தம். ரிச்சர்டு படுக்கையில், காய்ச்சல். ஒப்பந்தத் தாளைக் கொண்டு போனபோது, படிக்கத் தெம்பில்லை, சமாதானம் செய்தாயிற்று, இதோ என் கை என்று கையை நீட்டினார். சத்தியம் செய்தவர்கள் அவருடைய சகோதரி மகன் ஷாம்பேன் ஹென்றியும் இபெலின் பாலியனும் மற்றவர்களும். சலாவுதீனும் கைதான் கொடுத்தார். அவர் பக்கம் தம்பி அல்-ஆதில், மகன்கள், அமீர்கள் சத்தியம் செய்தார்கள். சலாவுதீனின் படை நீதிபதி பஹாவுத்தீன் உடனிருந்து எழுதிவைத்தது இது.

மகன்களும் தம்பியும் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்? ஆறு மாதத்தில், 1193 மார்ச்சில், சலாவுதீன் இறந்தார். அவர் ஒருவர் மட்டும் வாக்குக் கொடுத்திருந்தால் அந்த வாக்கு அவரோடு போயிருக்கும்.

பிப்ரவரி 15

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "1369-ல் போர் மறுபடியும் தொடங்கியதே, அப்போது நான் சொன்னதுதானே சரி?" பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிரெத்திஞியில் எழுதிய முக்கியமான இரண்டு விட்டுக்கொடுத்தல்கள் இருந்தன. எட்வர்டு பிரான்சு முடியின் மேல் கொண்டாடிய உரிமையைக் கைவிட வேண்டும். ஜான் விட்டுக்கொடுத்த நிலங்களின் மேல் தன் மேலாதிக்கத்தைக் கைவிட வேண்டும். கலேவில் உறுதிப்படுத்தும்போது இந்த இரண்டையும் முதன்மை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துத் தனிக் கடிதமாக்கினார்கள். நிலங்கள் கைமாறிய பிறகு, 1361 நவம்பர் 30-க்குள் புரூஜ் நகரில் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அது நடக்கவே இல்லை. 1368-ல் அர்மான்யாக் பிரபு முதலான, ஆங்கிலேயர் ஆட்சிக்குப் போன கஸ்கோன் பகுதிப் பிரபுக்கள், ஆங்கிலேயர் போட்ட அடுப்பு வரியை எதிர்த்து பிரான்சு அரசரிடம் முறையிட்டார்கள். அப்போது அரசராக இருந்த சார்லஸ், மேலாதிக்கம் இன்னும் என்னிடம்தானே இருக்கிறது என்று முறையீட்டை ஏற்றார். போர்.

ஆனால் கவனியுங்கள். ஆட்கள் நின்ற இடம் ஒன்பது வருடம் தாங்கியது. பணம் தவறியது, ஒருவர் ஓடினார், அரசர் இறந்தார். அப்போதும் ஒப்பந்தம் உடையவில்லை. உடைந்த இடம், யாரையும் பிணையாக நிறுத்தாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனித்தாளில் ஒதுக்கிவைத்த இடம். கண்துடைப்பு என்ற சொல்லை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதில் ஒரு நெருடல். ஒன்பது வருடம் தாங்கியது என்று நான் சொல்வது வெளியே இருந்து பார்க்கிறவனின் கணக்கு. அந்தப் போர் இல்லாத வருடங்களில் வேலை இழந்த கூலிப்படைகள் பிரான்சின் கிராமங்களைச் சூறையாடின. 1362-ல் லியோனுக்குப் பக்கத்தில் பிரிஞே என்ற இடத்தில் அரசப் படையையே தோற்கடித்தன. கிராமத்தானுக்குச் சமாதானம் வந்ததா என்றால், இல்லை. அவனுக்காக யாரும் ஜாமீன் நிற்கவில்லை.

பிப்ரவரி 18, இரவு

அப்பாவிடம் இன்று போனில் இந்தக் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். மகன் ஓடியதும் அரசர் திரும்பிப் போன இடத்தில், "போனாரா?" என்று மறுபடி கேட்டார். போனார் என்றேன்.

"பணம் கட்டி முடிச்சாங்களா?"

முழுசாக் கட்டவே இல்லைப்பா.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், அந்த அமியான் ஊர் வியாபாரிகள் வீடு திரும்பினார்களா, கடையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார்.